கணக்கு வராத பிள்ளைகளா, கற்றுத் தராத வகுப்பறைகளா?

"இந்தப் பையனுக்குக் கணக்கு வராது!"

உயர்நிலைப் பள்ளிகளில் அன்றாடம் வழங்கப்படும் தீர்ப்பு இது. இதற்கு விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அப்பீலும் கிடையாது. பதினான்கு வயதுப் பிள்ளை இந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு கடைசி பெஞ்சுக்குப் போகிறான். சில மாதங்களில் அவனே "எனக்குக் கணக்கு வராது" என்று ஒப்புவிக்கத் தொடங்குகிறான். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் "நம் தலையெழுத்து" என்று அடங்கிப் போகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு பொய் என்கிறோம் நாம். ஆதாரம் உண்டா? உண்டு.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரைக் காராஹர், ஷ்லீமன் முதலிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1985இல் முடிவு வெளியாயிற்று. வாடிக்கைக்காரர் போல் நின்று விலை கேட்டபோது 98 சதவீதக் கணக்குகளுக்குச் சரியான விடை வந்தது. ஒன்று 35 வீதம் பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டதற்கு, மும்மூன்றாகக் கூட்டி 350 என்று மனக்கணக்காகவே சொன்னான் ஒரு சிறுவன். அதே பிள்ளைகளிடம் காகிதத்தை நீட்டி, அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதமே தேறியது. மூளை அதேதான், மாறியது காகிதமும் சூழ்நிலையும்!

இங்கே நடப்பது என்ன? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள் ஒரு மாணவி. சிவப்பு மையால் ஒரு கோடு, அத்தோடு சரி. "அரைப்படி அரிசியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரைப்படிக்கும் குறைந்துபோகுமா?" என்று கேட்டிருந்தால் அவளே திருத்திக்கொண்டிருப்பாள். கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் நழுவிய அந்தப் பின்னம் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதமாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது. அதற்குப் பெயர் மூளைக் குறைவாம்!

ஆசிரியரைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. அறை நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், தலைக்கு மேல் தொங்கும் தேர்ச்சி சதவீதம். இவற்றுக்கு நடுவே நின்று, பிழையின் காரணத்தை அவர் எப்போது கேட்பது?

2005ஆம் ஆண்டு தேசியப் பாடத்திட்ட வடிவமைப்புக்காகச் சென்னைக் கணித அறிஞர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையும் முதல் நோயாகச் சுட்டியது. மருந்து என்ன வந்தது? சி.பி.எஸ்.இ. வாரியம் 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வை இரண்டாக்கியது: ஸ்டாண்டர்ட், பேஸிக்! பாடம் ஒன்று, வகுப்பறை ஒன்று, 20 மார்க் உள் மதிப்பீடும் ஒன்று. 80 மார்க் வினாத்தாள் மட்டும் இரண்டு. பேஸிக் எழுதியவன் மேல் வகுப்பில் கணிதம் எடுக்கக் கூடாது, எடுக்க விரும்பினால் துணைத் தேர்வில் ஸ்டாண்டர்ட் எழுதித் தேற வேண்டும் என்றும் விதித்தார்கள். கொரோனாக் காலத்தில்தான் அது தளர்ந்தது.

சுமை குறைந்தது என்று வாதிட்டார்கள். குறைந்தது யாருடைய சுமை? டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்தவன் எந்தத் தாளைத் தேர்ந்தெடுப்பான், முடியாதவன் எதில் ஒதுங்குவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வகுப்பறையை அப்படியே விட்டுவிட்டு வாசலை மட்டும் இரண்டாக்குவது சீர்திருத்தமல்ல. அச்சத்துக்கு அரசாங்க முத்திரை குத்துவது.

நாம் கேட்பது வேறு. வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறையுங்கள். காலியான கணித ஆசிரியர் இடங்களை நிரப்புங்கள். பின்தங்கிய பிள்ளைக்குப் பின்னத்திலிருந்து மீண்டும் தொடங்கப் பள்ளி நேரத்திலேயே வாய்ப்புக் கொடுங்கள். தேர்ச்சி சதவீதத்தைக் காட்டி ஆசிரியரை மிரட்டுவதை நிறுத்துங்கள்.

பெற்றோர்களே! "உன் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று அடுத்த முறை யாரேனும் சொன்னால் தலை குனியாதீர்கள். "எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் நின்றுபோனான்? அதை மீண்டும் எப்போது சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் காதில் விழாது; ஊராகச் சேர்ந்து கேளுங்கள்!