வேலியோரப் பாடகனும் இரண்டு கோணிச் சாக்கும்



பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே நம் தோட்டத்தில் கச்சேரியைத் தொடங்கிவிடும் ஒருவனை உங்களுக்குத் தெரியும். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, இறக்கையில் வெள்ளைக் கோடு, நிமிர்த்திப் பிடித்த வால். லயத்துக் கூரை முகட்டில் நின்று பாடுவான். மலாய்க்காரர்கள் முராய் என்பார்கள். தமிழில் குண்டுகரிச்சான். பெயர்தான் குண்டு, ஆள் ஒல்லி.

இவனைக் கைத்தொலைபேசியில் பிடிக்க என் வகுப்புப் பிள்ளைகள் படாத பாடு படுகிறார்கள். பத்துப் படம் காட்டினால் ஒன்பதில் ஒரு கரும்புள்ளி. பத்தாவதில் வெறும் கூரை. "கிட்டப் போனா பறந்துடுது சார்" என்கிறார்கள். பறக்காமல் என்ன செய்யும்? நாம் நேராக அதையே முறைத்துக்கொண்டு நடக்கிறோம். பூனையும் அப்படித்தானே நடக்கிறது!

நாம் குருவியிடம் போகக் கூடாது. அது நம்மிடம் வரவேண்டும். என் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றில் இரண்டு கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டேன். முதல் இரண்டு நாள் கிட்டவே போகவில்லை. மூன்றாம் நாள் கொண்டைக்குருவி ஒன்று சாக்கின் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டது. அதுதான் அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொண்டேன். சாக்கில் ஒரு துளை, பின்னால் ஒரு முக்காலி, எதிரே எட்டடியில் அகலமான தட்டில் தண்ணீர், பக்கத்தில் நட்டுவைத்த ஒரு காய்ந்த கிளை. குளிக்க வரும் குருவி முதலில் அந்தக் கிளையில்தான் இறங்கும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை வெளிச்சம் நல்லது.

இன்னொரு பழைய தந்திரம். நீங்கள் சாக்குக்குப் பின்னால் போகும்போது வீட்டில் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். அவர் மட்டும் திரும்பிப் போகட்டும். ஆள் போய்விட்டான் என்று குருவி நம்பிவிடும். கணக்கில் அது நம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைவிட மோசம்.

கேமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பால் டின்னில் மணல் நிரப்பி, கைத்தொலைபேசியை அதில் சாய்த்துத் தண்ணீர்த் தட்டுக்கு இரண்டடியில் வையுங்கள். காணொளியை ஓடவிட்டு நீங்கள் பசியாறப் போய்விடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் இறகின் ஓரம் வரை தெரியும். கேமரா உள்ளவர்கள் வேகத்தை 1/500 வினாடிக்குக் கீழே இறக்காதீர்கள். தெளிவைக் கண்ணில் நிறுத்துங்கள். வால் மங்கினால் பரவாயில்லை. கண் மங்கினால் படம் போச்சு.

நம் பெரியவர்கள் லோக் வான் தோவைக் கேத்தே சினிமாக் கொட்டகைகளின் முதலாளியாக அறிவார்கள். 1915-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1964-இல் தைவானில் விமான விபத்தில் இறந்தார். பறவைப் படங்களிலும் அவர் பெரும் பெயர் பெற்றவர். இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியுடன் சேர்ந்து காடுகளில் அலைந்திருக்கிறார். நினைத்ததை விலைக்கு வாங்கக்கூடிய அந்தச் செல்வந்தரும் ஒரு குருவிக்காக மறைவிடத்துக்குள் அடங்கி உட்காரத்தான் வேண்டியிருந்தது.

இனி நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிய புதிதில் பள்ளி வேலிச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சு. இலை மறைத்ததால் படம் இருட்டாக வந்தது. நான் என்ன செய்தேன்? இரண்டு கிளைகளை நூலால் இழுத்துக் கட்டினேன். வெளிச்சம் பிரமாதம்! மூன்று வாயும் சிவக்கச் சிவக்கத் திறந்திருக்கும் படம் கிடைத்தது. மணி அடிக்கவே, நூலை அவிழ்க்க மறந்து வகுப்புக்கு ஓடினேன். மத்தியானம் ஒரு மாணவி வந்து, "சார், செம்போத்து வந்துச்சு சார்" என்றாள். கூடு காலி. தாய்க்குருவி வாயில் புழுவோடு அந்த வேலியில் மாலைவரை ஏறி ஏறி இறங்கியது. அந்த இலைகள் படத்தை மறைக்க வந்தவை அல்ல, குஞ்சை மறைக்க வந்தவை என்பது ஆசிரியர் பயிற்சி பெற்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

அன்றிலிருந்து கூட்டுப் பக்கம் கேமராவோடு போவதில்லை. கைத்தொலைபேசியில் முராயின் பாட்டைப் போட்டு ஏமாற்றி அழைப்பதும் இல்லை. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். பாவம், எதிரி டப்பாவுக்குள் இருக்கிறான் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எடுத்த படத்தை அனுப்பும்போது எந்தத் தோட்டம், எந்த மரம் என்று எழுதாதீர்கள். குரலுக்காகவே இவற்றைப் பிடித்துக் கூண்டில் விற்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் பாடிய குண்டுகரிச்சான், பிடித்துப் பிடித்தே 1970-களில் அரிதாகிவிட்டது. 1980-களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. பாராவ்-பாராவ் என்னும் பெரிய பாட்டுக்காரனை 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள பறவையாக அறிவித்தார்கள். ஜாவாக் காடுகளில் அதன் குரல் கேட்பதில்லை.

நேற்றுக் காலை ஒரு வேடிக்கை. முக்காலியில் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன். தட்டுக்கு யாரும் வரவில்லை. திடீரென்று நம் முராய் என் சைக்கிள் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தான். மூன்றடி தூரம். கண்ணில் என் சாக்கு தெரிகிறது. என் லென்ஸுக்கு ஐந்தடிக்குள் தெளிவு கிடைக்காது! அசைய முடியவில்லை, மூச்சுவிட முடியவில்லை. இரண்டு அடி பாடிவிட்டு, சைக்கிள் மணியை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோனான். உள்ளேயிருந்து வீட்டுக்காரி, "தேத்தண்ணி ஆறிப்போச்சுங்க" என்று குரல் கொடுத்தாள்.