கரிசாலை: களையா, கீரையா?
(மூன்றாமாண்டு இளம் அறிவியல், தாவரவியல் மாணவன்)

சென்ற பருவத்தில் செய்முறைத் தேர்வுக்காக எங்கள் வகுப்பினர் ஒவ்வொருவரும் ஐம்பது செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் தொகுப்பில் பதினேழாம் தாளில் இருந்தது கரிசாலை. 'எக்லிப்டா புராஸ்டிரேட்டா, குடும்பம் ஆஸ்டிரேசி, வாழிடம் ஈர நிலம், இயல்பு களை' என்று புத்தகத்தில் கண்டவாறே எழுதியிருந்தேன். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அத்தொகுப்பையும் உடன் கொண்டு போனேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த என் அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்து, பதினேழாம் தாளில் நின்றுவிட்டார்.

"களைன்னா எழுதியிருக்க, தம்பி? இதை வித்துத்தானே உனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்?"

அக்கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை எனக் கொள்ளலாம்.

என் அம்மா கீரை விற்பவர். எங்கள் சிற்றூர் குடமுருட்டிக் கரையில் உள்ளது. விடியுமுன்னே வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிள்ளிய கீரைகளைக் கூடையில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, முதற் பேருந்தில் கடைத்தெருவுக்குக் கொண்டு செல்வார். பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை ஆகியவற்றோடு கரிசாலையும் அக்கூடையில் இருக்கும். கரிசலாங்கண்ணி என்றும், கையாந்தகரை என்றும், கையான் என்றும் அதற்குப் பெயருண்டு. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் கையான் என்றே சொல்வர்.

கசக்கிய இலை சற்று நேரத்தில் கையைக் கறுப்பாக்கிவிடும். என் அப்பாயி வெள்ளைத் துணியைக் கரிசாலைச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்துவார். மீண்டும் நனைப்பார், மீண்டும் உலர்த்துவார். பிறகு அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை வழித்துக் கண்மை செய்வார். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளின் கன்னத்துப் பொட்டெல்லாம் அந்தக் கரிதான்.

தாவரவியலார் கண்ணுக்கும் இச்செடி சுவையானது. சூரியகாந்தியும் சாமந்தியும் செண்டுப்பூவும் இதன் குடும்பத்தவையே. ஒற்றைப் பூ என்று நாம் எண்ணும் அந்த வெண்ணிறப் பொத்தான் உண்மையில் பல பூக்களின் கூட்டம். விளிம்பில் நாக்குப் போன்றவை, நடுவில் குழல் போன்றவை. இக்குடும்பத்தின் விதைகள் பலவற்றுக்கு உச்சியில் பஞ்சுக் குஞ்சம் இருக்கும். காற்று வந்தால் அவை பறந்து போகும். வெட்டுக்காயப் பூண்டின் விதையை ஊதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். கரிசாலை விதைக்கோ அக்குஞ்சம் இல்லை. அக்குறையைச் சுட்டியே 'எக்லிப்டா' என்ற பெயர் அமைந்தது. 'குறைதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. பறக்க இயலாத விதை நீரிலும் சேற்றிலும் ஒட்டிச் செல்கிறது. வாய்க்கால் ஓரத்திலேயே இச்செடியை நாம் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர்ப் பெண்கள் அதைத் தேடிச் செல்லும் வழியும் தண்ணீர் வழிதான்.

இராமலிங்க அடிகள் தம் அன்பர்களுக்கு வகுத்த அன்றாட ஒழுக்க முறையில் கரிசாலைக்குத் தனியிடம் தந்தார். தூதுளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சிப் பருகவும், இதன் தூளால் பல் துலக்கவும் அவர் சொன்னார். 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டு பசித்தவர்க்குச் சோறிட்ட பெரியவர், காசின்றிக் கிடைக்கும் ஒரு வரப்புச் செடியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி மற்றொன்று. சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, தம்முடன் ஆய்ந்த கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகியோருடன் மஞ்சள் கரிசாலையை ஆராய்ந்து, அதிலிருந்த ஒரு பொருளின் அமைப்பை 1956இல் வெளியிட்டார். 'வெடலோலாக்டோன்' என்று அதற்குப் பெயர். வெள்ளைக் கரிசாலையிலும் அப்பொருள் உண்டு. இன்றும் கரிசாலை பற்றிய ஆய்வு எதைத் திறந்தாலும் அப்பெயர் வரும். ஓர் அரசுக் கல்லூரி ஆய்வகத்தில், நம் ஊர் வரப்புச் செடியைக் கொண்டு செய்த வேலை அது. (அதே 1956இல்தான் பூனாவில் பார்த்தீனியம் என்ற புதுக் களை காணப்பட்டதாகச் செய்தி பதிவாயிற்று. அதுவும் இக்குடும்பமே. நம் விளையாட்டுத் திடலின் பின்புறம் சென்று பார்த்தால் எது பெருகியது என்பது விளங்கும்.)

இதுவரை எழுதியதைப் படித்து, 'ஆகா, சர்வரோக நிவாரணி!' என்று எவரேனும் எண்ணினால் அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அதைச் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பாவுக்குக் கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்றதும் எங்கள் ஊரில் கீழாநெல்லி, கரிசாலை என்றுதான் பேச்சு வரும். அம்மா தாமே விற்கும் கீரையாயிற்றே! நாள்தோறும் வெறும் வயிற்றில் கரிசாலைச் சாற்றை மோரில் கலந்து கொடுத்தார். பத்தியமும் காத்தார். அக்கம்பக்கத்தார் வந்து, "இன்னாருக்கு ஒரு மண்டலத்தில் இறங்கிற்று" என்று சான்று கூறிப் போயினர். இருபத்திரண்டு நாள் ஆயிற்று. உடல் முழுதும் அரிப்பு. பிறகு குளிர்க் காய்ச்சல். பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். பித்தக் குழாயில் கல் அடைத்துக்கொண்டிருந்தது; தேங்கிய பித்தத்தில் சீழ் வைத்துவிட்டது. அறுவை செய்து பிழைக்க வைத்தார்கள். "இரண்டு வாரம் முன்னாடி வந்திருக்கலாமே, அம்மா" என்று அந்த மருத்துவர் சொன்னது ஒரு வரிதான். அப்பா இன்று நலமே. ஆயினும் பழையபடி மூட்டை தூக்க முடிவதில்லை. அம்மா ஓராண்டுக்கு மேலாகக் கூடையில் கரிசாலை வைக்கவே இல்லை.

பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். அசுத்த நீரால் பரவும் காமாலையில் பெரும்பாலானவை ஓய்வும் உணவும் இருந்தால் சில வாரங்களில் தாமாகவே தணியும். அப்போது எந்த இலையைக் கொடுத்தோமோ அந்த இலைக்குப் புகழ் சேர்கிறது. அண்டை வீட்டார் கூறிய சான்றுகள் பொய்யல்ல. ஆனால் அவை கரிசாலைக்குச் சான்றாகமாட்டா. எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்து, கரிசாலைச் சாறு அதைக் காக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் பல உண்டு. நல்ல பயன் கண்டதாகவும் எழுதியுள்ளார்கள். என் அப்பாவின் குழாயில் இருந்ததோ கல். எந்தச் சாறு ஊற்றினும் கல் நகராது. கண் மஞ்சளானால் முதலில் இரத்தம் பார்க்க வேண்டும், வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும். அதன் பிறகு கீரையைப் பற்றிப் பேசலாம். இதில் பழமைக்கும் புதுமைக்கும் சண்டையே இல்லை என்பது என் துணிபு.

ஆகவே கரிசாலையை மருந்துக் கடைப் பலகையிலிருந்து இறக்கி அடுப்பங்கரைக்குக் கொண்டு வாருங்கள் என்கிறேன். இன்று நூறு கிராம் கரிசலாங்கண்ணிப் பொடிக்குக் கடையில் நான் கொடுத்த விலை தொண்ணூறு ரூபாய். அம்மாவிடம் ஒரு கட்டுப் பச்சைக் கீரை பத்து ரூபாய். அதிலும் பேரம் பேசுவோர் உண்டு. 'பிருங்கராஜ்' என்று வடமொழிப் பெயர் சூட்டி, நீண்ட கூந்தல் படம் போட்டுப் புட்டியில் அடைத்தால் பேரமின்றி வாங்குகிறோம். அந்தப் பிருங்கராஜும் வரப்பில் காலில் மிதிபடும் கையானும் ஒன்றே என்பதை அறியாத நண்பர்கள் எங்கள் விடுதியிலேயே இருவர் இருந்தனர். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் செடியைப் போல் கண்ணால் கண்டு கூறவும் இயலாது.

சமைப்பது எளிது. பூக்குமுன் உள்ள இளந்தளிர்களைக் கிள்ள வேண்டும். இலையில் சுணை இருப்பதால் பச்சையாகத் தின்றால் நாவில் அரவும், வெந்தால் அடங்கிவிடும். பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து வேகவைத்துக் கடைந்து, மிளகாய் தாளித்து இறக்கலாம். வதக்கித் தேங்காய், புளி வைத்துத் துவையலும் அரைக்கலாம். மெல்லிய கசப்பு இருக்கும், நிறம் கறுத்துவிடும். எங்கள் விடுதியில் முதல் நாள் பரிமாறியபோது, "வாளியில் தார் வந்திருக்கிறது" என்று ஒருவர் கூவ, பந்தியே சிரித்தது. மூன்றாம் வாரம் அவரே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரப்பில்தான் கிடைக்கிறதே, வளர்ப்பானேன் என்று கேட்கலாம். இப்போது வரப்பை நம்ப முடிவதில்லை. களை பறிக்க ஆள் கிடைக்காததால் வரப்பு வரை களைக்கொல்லி தெளிக்கிறார்கள். இலை கருகுமுன் கிள்ளிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை ஓரத்திலோ கரிசாலை கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். அதைக் கிள்ளுவதற்கு மனம் துணியாது. எங்கே மருந்தடித்தார்கள் என்று நிலத்துக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அம்மா நடக்கும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

வளர்க்க ஒரு சாண் தண்டு போதும். கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஈர நிலத்தில் நட்டால் ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும். விதை என்றால் மேலே தூவிவிட வேண்டும், புதைக்கக் கூடாது; வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நான் முதலில் ஆழமாகப் புதைத்து இருபது நாள் காத்திருந்தேன். பிறகு துறையில் ஓர் ஆசிரியர் சொல்லித்தான் காரணம் புரிந்தது. விடுதித் தண்ணீர்த் தொட்டி வழிந்தோடும் இடத்தில் தண்டு நட்டேன். வளாகத் தூய்மை நாளன்று பார்த்தீனியம் பிடுங்கப் புறப்பட்ட நாங்கள், வெள்ளைப் பூ என்ற ஒரே அடையாளத்தால் அதையும் சேர்த்துப் பிடுங்கிக் குவித்தோம். அதில் என் கையும் இருந்தது. மறுபடி நட்டதே இப்போதுள்ள பாத்தி.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நுழைவாயில் அருகே அழகுக்காகப் படரவிட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடியை மஞ்சள் கரிசாலை என்று நம்பிக் கிள்ளிச் செல்வோரைக் கண்டேன். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த வேறு செடி. உலகின் கொடிய அயல்வரவுகள் நூறில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. பளபளப்பான இலையில் இருபுறமும் காது வைத்தாற்போல் மூன்று மடல் தெரியும், பூவும் பெரிது. மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு, சொரசொரப்பாய், மடலின்றி இருக்கும். ஐயமிருந்தால் துறைக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். பெயர் தெரியாத இலை சட்டிக்குள் போகக் கூடாது.

விடுமுறை முடிந்து திரும்பியதும் பதினேழாம் தாளில் 'களை' என்பதை அடித்துவிட்டுக் 'கீரை' என்று எழுதினேன். திருத்திய ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்தார். நெல் வயலுக்குள் அது களைதான் என்று அவர் விளக்கியதை மறுக்க முடியவில்லை. ஆனால் என் செடி வரப்பில் பறித்தது. அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவின் கூடையில், ஈரத்துணிக்கு அடியில், நான்கு கட்டுக் கரிசாலை இருந்தது. காமாலைக்கு என்று கேட்டு வருவோரிடம், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, கீரை எங்க போயிடும்?" என்று சொல்லித்தான் விற்கிறார். அதனால் இரண்டொருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு.

விடுதிப் பாத்தி இப்போது ஆறடி நீளம், நான்கடி அகலம். தண்டு வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரலாம். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்று சமையலுக்குக் கிள்ளிவிடுவோம்.