விலை நம் கையில் இல்லை

மலாக்கா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, கட்டிப்பாலில் ஒட்டிய பட்டையையும் இலையையும் கிள்ளி எறிந்த பிறகே நிறுவைக்குக் கொண்டுபோவார். எடை குறையுமே என்றால், "விலை நம்ம கையில இல்லய்யா, சுத்தம் நம்ம கையிலதான்" என்பார்.

பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலும் எனக்கு, லித்தியமும் அதையே சொல்கிறது. 2022 இறுதிவாக்கில் சீனாவில் லித்தியம் கார்பனேட் விலை டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. உற்பத்தி பெருகியது, 2024 இறுதியில் 1 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. ஆனால், மின்கலத்துக்கான சரக்கு 99.5 விழுக்காடாவது தூய்மையாக இருக்க வேண்டும் என்ற வரம்பு மட்டும் தளரவில்லை. உலோகத் துகள் சிறிது கலந்தாலும் மின்கலத்தின் உள்ளே மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. ரப்பரை அழுக்கின் அளவைக் கொண்டு தரம் பிரிக்கும் எஸ்.எம்.ஆர். முறையை மலேசியா 1965-இலேயே கொண்டுவந்தது. எஸ்.எம்.ஆர். 20 ரகத்தில் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பாட்டி சுத்தம் செய்தார். சோதனைக்கூடத்தில் அதை அளந்தவர் வேறொருவர்.

இன்று பக்கத்துச் சிரம்பானிலேயே மின்கலத் தொழிற்சாலை இயங்குகிறது. படிவம் 4-இல் வேதியியல் கடினம் என்று ஒதுங்கும் தம்பி தங்கைகளே, அளக்கும் மேசையில் இம்முறை நாமும் அமர வேண்டாமா?