பெட்டி இருக்கிறது; சாவி எங்கே?

கம்ப்யூட்டரில் படம் வரைபவர்கள் ஒரு காலத்தில் "பிரீஹேண்ட்" என்ற சாப்ட்வேரைப் பெரிதும் விரும்பினார்கள். அதில் வரைந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எந்தக் கோட்டையும் பிறகு திருத்தலாம்.

அதை விற்று வந்தது, மேக்ரோமீடியா என்ற அமெரிக்கக் கம்பெனி. 2005-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியை அடோபி கம்பெனி விலைக்கு வாங்கியது. அடோபியிடம் ஏற்கனவே "இல்லஸ்டிரேட்டர்" என்ற போட்டி சாப்ட்வேர் இருந்தது. 2007-ல் பிரீஹேண்டை வளர்ப்பது நிறுத்தப்பட்டது.

விளைவு என்ன? புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது ஓட மறுத்தது. வரைந்தவரே தம் படத்தைத் திறக்க முடியவில்லை!

வழி உண்டா? உண்டு. அந்தப் படங்கள் எந்த முறையில் பதிவாகியுள்ளன என்பதை, தாமாக முன்வந்த சில நிபுணர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அதன் பயனாக, "லிப்ரே ஆபீஸ்" என்ற இலவச சாப்ட்வேர் அவற்றைத் திறக்கிறது. திறந்ததும் "எஸ்.வி.ஜி." முறையில் சேமிக்கவேண்டும். அது 2001-ல் எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட முறை. பிறகு "இங்க்ஸ்கேப்" என்ற இலவச சாப்ட்வேரில் திருத்திக்கொள்ளலாம்.

மாற்றும்போது எழுத்தும் நிறமும் சிறிது மாறக்கூடும். ஆகவே, பழைய பைலை அழிக்கக்கூடாது.

சாப்ட்வேர் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். படம் வரைந்தவருடையது. அதன் சாவியும் அவர் கையில்தான் இருக்கவேண்டும்.