சுரைக்குடுக்கையும் ஒற்றைத் தந்தியும்

திருவிழாக் கூட்டத்தில் கொட்டாங்கச்சிப் பிடில் விற்பவரைப் பார்க்காதவர் நம்மில் யார்? பாதிக் கொட்டாங்கச்சி, அதன் வாயை மூடிய காகிதம், ஒரு மூங்கில் குச்சி, ஒரு கம்பி, இழுப்பதற்குச் சின்ன வில். அவ்வளவுதான் சரக்கு. அவர் இழுத்தால் சினிமாப் பாட்டு பிசகாமல் வருகிறது. நாம் வாங்கி வந்து வீட்டில் இழுத்தால் பூனை கத்துகிறது. "ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். ஏமாற்றியது யார்? விலை பெற வேண்டியது அவருடைய கைவித்தை. அந்த வித்தைக்கு நாம் காலணா கொடுத்ததில்லை. கொட்டாங்கச்சிக்கே பேரம் பேசினோம்!

உழைப்பாளி தன் கையால் செய்துகொண்ட வாத்தியத்தை உழைப்பாளியே மட்டமாக நினைக்கலாமா? இதுதான் நம் கேள்வி. பதிலைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டும். ஆனால் புறப்படும் துறை நம் காரைக்கால்தான்.

கப்பலேறிய கூலிகள்

இந்துமகா சமுத்திரத்தில் ரெயூனியன் என்றொரு தீவு. பிரான்சின் ஆட்சியில் இருந்த கரும்புத் தீவு. 1848 டிசம்பர் 20ந் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்கள் பழைய எஜமானனின் தோட்டத்தில் மறுபடியும் கால் வைக்க விரும்பவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1860லும் 1861லும் பிரிட்டிஷ் சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் கூடிப் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐந்தாண்டுக் கூலி ஒப்பந்தம் என்ற பெயரில் நம் மக்கள் சரக்காக ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் கடனும் விரட்ட, வெள்ளைக்காரன் ஜில்லாக்களிலிருந்து எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வந்து கப்பலேறியவர்கள் ஏராளம். 1882ல்தான் ரெயூனியனுக்குப் போகும் கூலிக் கப்பல் நின்றது.

போனவர்கள் மாரியம்மனைக் கொண்டு போனார்கள். தீமிதியைக் கொண்டு போனார்கள். தப்பைக் கொண்டு போனார்கள். அவர்களுடைய சந்ததியாரை இன்றும் அந்தத் தீவில் 'மலபார்' என்றே அழைக்கிறார்கள்.

அந்தத் தோட்டங்களில் அடிமைகளிடமிருந்து பிறந்த பாட்டுக்கு மலோயா என்று பெயர். ஒருவர் பாட, மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடும் பாட்டு. அதற்குரிய வாத்தியங்களைக் கவனியுங்கள். கரும்புப் பூக்காம்பை வரிசையாகக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டுக் குலுக்கினால் அது கயாம்பு. சாராயப் பீப்பாயின் வாயில் மாட்டுத்தோலைக் கட்டினால் அது ரூலேர் என்னும் முரசு. வளைத்த கொம்பில் ஒரே ஒரு தந்தியைக் கட்டி, எதிரொலிக்கச் சுரைக்குடுக்கையைச் சேர்த்து, குச்சியால் தட்டினால் அது போப்ரு. நம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

கரும்பு எஜமானனுடையது, கரும்புப்பூ எஜமானனுக்கு வேண்டாதது. சாராயம் அவனுடையது, காலிப் பீப்பாய் வேண்டாதது. எஜமானன் வேண்டாமென்று எறிந்ததிலிருந்து கூலிக்காரன் தனக்கு ஒரு குரலைச் செய்துகொண்டான்.

தன்யெல் வாரோ

இந்த வாத்தியங்களைத் தன் கையாலேயே செய்து, அவற்றையே வாசித்துப் பாடுகிறவர் தன்யெல் வாரோ. 1955ல் பிறந்தவர். வெள்ளையர் வம்சம்தான், ஆனால் காட்டில் பாடுபட்ட ஏழைக் குடும்பம். 1970ல், பதினைந்து வயதில், ரெயூனியன் கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டமொன்றில் பீர்மேன் விரி என்ற கரும்புத் தொழிலாளி மலோயா பாடுவதைக் கேட்டார். அன்று பிடித்தது அவரை விடவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர மறுத்ததற்காக ஏறக்குறைய இரண்டாண்டுகள் பிரான்சில் சிறையில் கிடந்தார். அங்கும் பாட்டு எழுதினார். 1994ல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'கலப்பு' என்ற பொருளில் அமைந்தது. கறுப்பர், வெள்ளையர், மலபார், சீனர் என்று கலந்து கிடக்கும் தன் தீவின் மக்களை அவர் ஒரே மக்களாகப் பார்த்தார். 2010ல் உலக இசைத் துறையின் வோமெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. விருது வந்த பிறகும் வாத்தியம் செய்யும் கை அவருடையதே.

இதைப் போன்ற கதை அமெரிக்காவிலும் உண்டு. நமக்குக் காவிரி டெல்டா. அங்கே மிசிசிப்பி டெல்டா. நமக்கு நெல், அங்கே பருத்தி. விளைச்சலைப் பாதியாகப் பங்கிட்டு, கணக்குப் புத்தகத்தில் என்றும் கடன்காரனாகவே நின்ற கறுப்புக் குடியானவன், துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டினான். கம்பிக்கு அடியில் ஒரு புட்டியைச் செருகி முறுக்கேற்றினான். அந்த ஒற்றைக் கம்பிதான் 'டிட்லி போ'. உலகமே இன்று தலையாட்டும் புளூஸ் இசையின் பாலபாடம் பலருக்கு அந்தச் சுவரில்தான் நடந்தது. அந்த ஒற்றைத் தந்தியைக் கடைசிவரை விடாமல் வாசித்துப் பேர் வாங்கிய லானி பிட்ச்போர்டு பிறந்ததும் வாரோ பிறந்த 1955ல்தான், 1998ல் காலமானார்.

"சோற்றுக்கே வழியில்லை, வாத்தியம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இதன் மதிப்பு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வெறும் குலுக்கலும் தட்டலும்தான் என்றால், ரெயூனியன் அதிகாரிகள் மலோயாவைப் பொது இடத்தில் தலைகாட்டவிடாமல் அடக்கி வைத்தது ஏன்? பாட்டு கூடும் இடத்தில் ஆள் கூடுகிறது. ஆள் கூடும் இடத்தில் கூலிக் கணக்கும் பேசப்படுகிறது. அதுதான் அவர்களுக்குப் பயம்.

1976ல் ரெயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி தன் மாநாட்டையொட்டி மலோயா இசைத்தட்டுகளை வெளியிட்டது. 1981ல் பிரான்சில் ஆட்சி மாறிய பிறகுதான் அடக்குமுறை தளர்ந்தது. 2009ல் யுனெஸ்கோ மலோயாவை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. கட்சி அந்தப் பாட்டை உண்டாக்கவில்லை. முன்னோருக்குப் படைக்கும் இரவுகளில், மூடிய முற்றங்களில், தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றியவர்கள் ஆலையிலும் தோட்டத்திலும் உழைத்த ஜனங்கள். கட்சி கதவைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவை' நாம் இங்கே செய்தோமா?

நம் நிலைமை

நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். வாடகை ஒலிபெருக்கி, அதில் யாரோ எங்கோ பதிவு செய்த பாட்டு. மேடைக்குக் கீழே, தப்பைக் காய்ச்சிச் சுருதி ஏற்றத் தெரிந்த தோழர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஊர்வலத்தின் முன்னால் அடிக்க மட்டும் அவரைக் கூப்பிடுகிறோம். சாவு வீட்டில் அவர் அடி வேண்டும். கலியாண வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார இடமில்லை. தோல் கட்டுகிறவர் ஒரு தெரு, அதைக் கேட்கிறவர் வேறு தெரு என்று இன்னும் எத்தனை காலம்?

வெள்ளை வம்சத்துப் பையன் ஒருவன் கரும்புத் தொழிலாளியின் பாட்டைக் கேட்டு, மாட்டுத்தோலைத் தொட்டு, முரசு கட்டக் கற்றுக்கொண்டான். அவன் குலம் கெட்டுப்போயிற்றா? நம் ஊர் அம்மையார் ஆலங்காட்டுப் பதிகத்தில் வீணையையும் மொந்தையையும் ஒரே பாட்டில் வரிசையாக வைத்தார். அவற்றைப் பிரித்து, ஒன்றைக் கூடத்திலும் மற்றதைச் சேரியிலும் வைத்தது யார்? சாமி அல்ல, சாதி!

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு சங்கமும், தன் பகுதியில் தப்பு கட்டத் தெரிந்தவர், வில் கட்டத் தெரிந்தவர், கொட்டாங்கச்சியில் தந்தி ஏற்றத் தெரிந்தவர் யார் என்று தேடட்டும். அவர்களை மேடையில் உட்கார வைக்கட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர்களிடம் செய்யவும் வாசிக்கவும் கற்கட்டும். கற்பிக்கிறவருக்குப் போர்த்தச் சால்வை போதாது. அன்றைய வேலைக்கு உரிய கூலியையும் கையில் கொடுப்போம். கூலி கேட்டுப் போராடும் நாம் கூலி கொடுக்காமல் பாட்டுக் கேட்பது அழகல்ல.

அரசலாற்று முகத்திலிருந்து கப்பலேறியவர்களிடம் நிலமில்லை, பணமில்லை. தெரிந்த தாளத்தையும் செய்யத் தெரிந்த கைகளையும் மட்டும் கொண்டு போனார்கள். அக்கரையில் அவை இன்னும் ஒலிக்கின்றன. இக்கரையில் அவற்றை ஊமையாக்குகிறவர்கள் நாமாக இருக்க வேண்டாம்.

அடுத்த திருவிழாவில் கொட்டாங்கச்சிப் பிடில்காரரைக் கண்டால் பேரம் பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.