தந்தையின் கையெழுத்து: ‘இரகள்’ முதல் ‘ஜோஜி’ வரை

பிள்ளைகளின் மூச்சைக் கூடத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தந்தையைப் பற்றிய படம் ஒன்று வந்தால், மறுநாளே அதற்கு ‘உளவியல் திகில்’ என்ற முத்திரை குத்தப்பட்டுவிடுகிறது. பிறகு நடக்கும் உரையாடல் முழுவதும் மருத்துவமனை வாசலிலேயே நிற்கிறது. தந்தைக்கு என்ன கோளாறு, மகனுக்கு என்ன நோய், எந்தக் குழந்தைப் பருவக் காயம் எந்தக் கொலைக்கு இட்டுச் சென்றது என்று விமர்சகர்கள் நோயறியத் தொடங்குகின்றனர். கருத்தரங்கக் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. 1913இல் ஃப்ராய்ட் எழுதிய ‘குலக்குறியும் விலக்கும்’ நூலின் ஆதித் தந்தையை இரண்டாம் பத்தியில் அழைத்து வராத கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த வாசிப்பு முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்காமலே கடந்துபோகிறது. வளர்ந்த, உடல்வலு உள்ள, படித்த பிள்ளைகள் அந்த வீட்டைவிட்டு ஏன் வெளியேறவில்லை?

இக்கேள்விக்கு மலையாள சினிமா இரண்டு முறை மிகக் கூர்மையாக விடை தேடியிருக்கிறது. ஒன்று, கே. ஜி. ஜார்ஜ் எழுதி இயக்கி 1985இல் வெளிவந்த ‘இரகள்’. மற்றொன்று, ஷியாம் புஷ்கரன் எழுத திலீஷ் போத்தன் இயக்கி 2021 ஏப்ரலில் இணையத்தில் வெளியான ‘ஜோஜி’. இரண்டுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். இரண்டிலும் ரப்பர்த் தோட்டத்தால் சூழப்பட்ட செல்வந்தச் சிரியக் கிறித்தவக் குடும்பம், ஒரு முதிய தந்தை, கொலைகாரனாகும் இளைய மகன். வண்டிச் சத்தமும் எட்டாத அந்தத் தோட்டங்களுக்குள் வீடு ஒரு தனி ஆட்சிப்பகுதி போல நிற்கிறது.

‘இரகள்’ என்றால் இரையானவர்கள். தலைப்பு பன்மையில் இருப்பது நோக்கத்தக்கது. திலகன் நடித்த மாத்துக்குட்டி, சட்டத்தின் ஓரங்களைத் தாண்டிச் செல்வம் சேர்த்தவர். சேர்த்ததைக் காக்க எதையும் செய்யத் தயங்காதவர். கணேஷ் குமாரின் முதல் படம் இது. அவர் ஏற்ற பேபி என்னும் இளைய மகன் கல்லூரியில் படிக்கிறான், பிறகு கொல்லத் தொடங்குகிறான். ஜார்ஜ் தம் முதல் படமான ‘ஸ்வப்னாடனம்’ (1976) தொட்டே உளவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் என்பதால், பேபியை ஒரு மனநோய்க் குறிப்பேடாக வாசிப்பது எளிதாயிற்று. ஆனால் படத்தைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். பேபியின் வன்முறை அவ்வீட்டின் ஒழுங்கிலிருந்து விலகிய ஒன்றல்ல. அவ்வீட்டின் ஒழுங்கே அதுதான். மூத்தவர்கள் அதைத் தொழிலாகவும் பேரமாகவும் மிரட்டலாகவும் செய்கிறார்கள். இளையவன் அதை எந்த வேடமும் போடாமல் கையால் செய்கிறான். வேறுபாடு அளவில் மட்டுமே. இறுதியில் பேபியைச் சுட்டுக் கொல்பவர் மாத்துக்குட்டி. நீதி நிலைநாட்டப்பட்டதாக இதைக் கொள்வோர் உண்டு. கொடுப்பதும் பறிப்பதும் தன் உரிமை என்று வாழ்ந்த ஒருவர் அவ்வுரிமையைக் கடைசிவரை செலுத்திவிட்டார் என்று கொள்வதே படத்துக்கு நெருக்கமானது.

இங்கு சட்ட வரலாற்றுக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது. திரைப்பட ஆய்வாளர்கள் வழக்கமாக அந்தப் பக்கம் போவதில்லை. தந்தைவழிக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு பெறும் மிதாட்சர மரபு இந்து மகனின் நிலை வேறு. கேரளத்துக் கிறித்தவ மகனுக்குப் பிறப்பால் எந்தப் பங்கும் இல்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை சொத்து முழுவதும் தந்தையினுடையது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் உயிலெழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு சென்ட் நிலமாவது விட்டுச்செல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மகள்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயிலின்றி இறந்தால் மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மகளுக்கு அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் 1951இலேயே செயலிழந்துவிட்டதெனத் தீர்ப்பளித்து மகள்களுக்குச் சமபங்கை உறுதிசெய்தது. ‘இரகள்’ வெளிவந்த மறு ஆண்டு அது. அப்போதும் உயில் என்னும் வழி தந்தையருக்குத் திறந்தே இருந்தது.

இந்தச் சட்ட அமைப்பைக் கருத்தில் கொண்டால் மாத்துக்குட்டியும் குட்டப்பனும் மனநோயாளிகளாகத் தோன்றமாட்டார்கள். தம்மிடம் உள்ள அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துபவர்களாகவே தோன்றுவார்கள். பிள்ளைகளைக் கட்டிப்போட அவர்களுக்குச் சங்கிலி தேவையில்லை. இன்னும் இடப்படாத ஒரு கையெழுத்து போதும். ரப்பர் என்ற பயிரின் காலக்கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பால் வெட்டத் தொடங்க முடியும். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது கறக்கும். நட்டவர் ஒருவர், காத்திருப்பவர் மற்றொருவர். அந்த மரங்களுக்கிடையே வளர்ந்த ஒரு பிள்ளைக்குக் காத்திருப்பதே வாழ்க்கை என்று தோன்றிவிடுவதில் வியப்பில்லை.

‘ஜோஜி’யில் இந்தக் காத்திருப்பு உடலின் மொழியில் சொல்லப்படுகிறது. குளத்துச் சேற்றில் சிக்கிக்கொண்ட நீரேற்றுக் குழாயைப் பிறரால் இழுக்க முடியவில்லை. எழுபதைக் கடந்த குட்டப்பன் தாமே இறங்கிப் பிடித்து இழுக்கிறார். தசைகள் திரண்ட அந்த முதிய உடலை ஒளிப்பதிவாளர் ஷைஜு காலிதின் கேமரா அச்சத்தோடு பார்க்கிறது. குழாய் வருகிறது, அதே முயற்சியில் அவருக்குப் பக்கவாதமும் வருகிறது. எதிரே நிற்கும் இளைய மகன் ஜோஜி, பகத் ஃபாசிலின் ஒடுங்கிய தோள்களோடு, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். தந்தையின் கை ஒருமுறை அவன் கழுத்தைப் பற்றும்போது அவன் ஒரு சிறுவனைப்போலச் சுருங்கிவிடுகிறான்.

ஏ. கே. ராமானுஜன் ‘இந்திய ஈடிபஸ்’ பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், இந்தியக் கதைமரபில் தந்தையைக் கொல்லும் மகனைவிட மகனின் வாழ்வை எடுத்துக்கொள்ளும் தந்தையே மிகுதி என்று காட்டினார். தன் முதுமையை மகன் புருவிடம் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொண்ட யயாதி அவருடைய முதன்மைச் சான்றுகளில் ஒருவன். குளத்தில் நிற்கும் குட்டப்பன் அந்த யயாதிதான். மகன்களுக்கு உரிய வலுவெல்லாம் அவர் உடலில் இருக்கிறது. மகன்கள் மூவரும் நடுவயதை நெருங்கியும் தாண்டியும் அனுமதிக்குக் காத்திருக்கும் சிறுவர்களாக அவ்வீட்டில் உலவுகிறார்கள்.

‘மேக்பெத்’தின் தாக்கத்தைப் படமே ஒப்புக்கொள்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரைகள் பின்சியைச் சீமாட்டி மேக்பெத்தோடு பொருத்துவதில் முடிந்துவிடுகின்றன. எழுத்தாளர் செய்த பெரிய மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் டங்கன் நல்லவன். வாரி வழங்கும் அரசன். மேக்பெத்துக்குப் பட்டம் கொடுத்தவனே அவன்தான். குட்டப்பன் எதையும் வழங்காதவர். கொல்லப்படுபவரின் இயல்பை மாற்றியதால் கொலையின் பொருளும் மாறிவிடுகிறது. பேராசையாக இருந்தது மூச்சுவிட இடம் தேடுவதாக ஆகிறது. மாத்திரைகளை ஜோஜி மாற்றி வைக்கும்போது பார்வையாளர் அவனுக்கு எதிராக நிற்பதில்லை. படம் பார்வையாளரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு மெல்லக் கைவிடுகிறது. இறந்த தந்தையின் இடம் காலியானதும் ஜோஜியிடம் தந்தையின் குரல் வந்துவிடுகிறது. தந்தை மீது உண்மையான பாசம் வைத்திருந்த மூத்தவன் ஜோமோனும் அவனுக்கு இடைஞ்சலாகிறான். சவ அடக்கத்துக்கு வர மறுத்து அறைக்குள் இருக்கும் ஜோஜியைப் பின்சி முகக்கவசம் அணிந்து வரச் சொல்லும் இடம் நோய்த்தொற்றுக் காலத்து நகைச்சுவையாகவும் துக்க வீட்டு நாடகத்தின் அறிவிப்பாகவும் ஒருசேர ஒலிக்கிறது.

முடிவில் ஜோஜி தன்னைத்தானே சுட்டுக்கொண்டும் சாவதில்லை. தன் குற்றத்துக்குச் சமூகமே காரணம் என்று எழுதி வைத்தவன், உடல் அசையாமல், கண் மட்டும் திறந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறான். சில வாரங்களுக்கு முன் தந்தை கிடந்த நிலை அது. தோட்டத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு வாரிசுரிமையாகக் கிடைத்தது தந்தையின் படுக்கை. அவன் எழுதி வைத்த வாக்கியத்தைப் படம் கேலி செய்கிறதா, ஏற்கிறதா என்பதில் விமர்சகர்கள் பிரிந்து நின்றனர். இரண்டையும் செய்கிறது என்பதே சரி. பழியைத் தட்டிக்கழிக்கும் ஒரு கோழையின் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதான்.

வணிக சினிமா இத்தகைய தந்தையை வேறு விதமாக முடித்துவைக்கும். அதே திலகன், பத்தாண்டுகள் கழித்துப் பத்ரனின் ‘ஸ்படிக’த்தில் (1995) கணித ஆசிரியர் சாக்கோ மாஷாக வந்து மகனின் திறமையை மிதித்தார், பின் மனம் வருந்தி அழுதார், மகனுக்கு முன் குண்டடிபட்டு இறந்தார். கண்ணீர் வந்ததும் கணக்கு நேராகிவிட்டது. அப்படத்தில் அடியாள் தொரப்பன் பாஸ்டினாக வந்த பி. என். சன்னிதான் ‘ஜோஜி’யின் குட்டப்பன் என்பது நடிகர் தேர்வின் குறும்பாக இருக்கலாம். எப்படியாயினும் போத்தன் அவருக்கு அழுவதற்கு ஒரு காட்சியும் தரவில்லை.

சொத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடுமா என்ற மறுப்பு எழலாம், நியாயமான மறுப்புதான். கனு பெல் இயக்கிய இந்திப் படமான ‘தித்லி’ (2014) தில்லியின் விளிம்பில், வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்துப் பிழைக்கும் மூன்று சகோதரர்களின் வீட்டைக் காட்டுகிறது. அங்கே எழுதி வைக்க எதுவுமில்லை. தந்தை கூச்சலிடுவதும் இல்லை. ஒரு மூலையில் அமர்ந்து தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். அடிப்பவன் மூத்த மகன். ஆனால் அந்த அடியின் ஊற்று எங்கே இருக்கிறது என்பது, மெல்லும் அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிறுகச் சிறுகப் புலப்படுகிறது. இயக்குநரின் சொந்தத் தந்தை லலித் பெல் அப்பாத்திரத்தில் நடித்தது தனியாகப் பேசப்பட வேண்டிய துணிவு. இப்படம் முன்சொன்ன வாதத்தைத் திருத்துகிறது. நிலமும் தோட்டமும் கட்டாயமில்லை. வெளியேறுவதற்கான வழி ஒரே ஒருவரின் வழியாக மட்டும் செல்லும்படி அமைந்திருந்தால் போதும். ஜாம்ஷெட்பூரில் மகன்களைத் தன்னை ‘சார்’ என்று அழைக்கவைக்கும் ‘உடான்’ (2010) தந்தையிடமும் இருப்பது அந்த வழியின் சாவிதான்.

சட்டம் இதை அரைகுறையாகவே கண்டுகொள்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல்வதையோடு நில்லாமல் மனவதையையும் பொருளாதார வதையையும் வன்முறை என்று வரையறுத்தது பெரிய முன்னகர்வு. மகள் தந்தைக்கு எதிராக அதை நாடலாம். வளர்ந்த மகனுக்கு அதில் இடமில்லை. பெண்களைக் காக்க இயற்றப்பட்ட சட்டத்திடம் அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் குடும்ப உறவுகளுக்குள் தொடர்ந்து செலுத்தப்படும் கட்டுப்பாட்டையே தனிக்குற்றமாக்கின. இந்தியாவில் அதற்கு இணையான விவாதம் தொடங்கவே இல்லை. பேபிக்கும் ஜோஜிக்கும் இங்கே கிடைப்பது இரண்டே பெயர்கள்: நன்றிகெட்ட மகன், அல்லது மனநோயாளி.

இப்படங்களைப் பாடமாக வைத்துக் கற்பிக்கும் துறைகளுக்கு இவ்வாதம் அவ்வளவு தொலைவிலும் இல்லை. ‘தந்தையைப் போன்றவர்’ என்ற தொடர் இந்தியப் பல்கலைக்கழகங்களில் எங்கே மிகுதியாகப் புழங்குகிறது என்று பார்க்க ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கங்களைப் புரட்டினால் போதும். பெரும்பாலும் அது உளமார எழுதப்பட்டதாகவே இருக்கும். தகுதியான நெறியாளர்கள் எங்கும் உண்டு. ஆனால் உதவித்தொகைக்கான சான்றில் கையெழுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கையெழுத்து, அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் என அனைத்தும் ஒரே பேனாவிலிருந்து வர வேண்டியிருக்கும்போது, அத்தொடரை எழுதாமல் விடும் துணிவு எத்தனை மாணவர்க்கு வாய்க்கும்? வீட்டுக் காய்கறி வாங்கி வருவதும், நெறியாளரின் கட்டுரைக்குத் தரவு திரட்டித் தருவதும், கருத்தரங்குக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு வாரக்கணக்கில் முகம்பார்த்து நிற்பதும் ‘குடும்பம் போலப் பழகுகிறோம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் குடும்பத்திலும் முப்பதைக் கடந்த பிள்ளைகள் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக எதுவும் இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016, 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகள் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழுவைக் கட்டாயமாக்கின. ஒருவர் கையில் குவிந்திருப்பதைப் பகிர்ந்தளிக்கக்கூடிய ஏற்பாடு அது. அந்தக் குழுவைக் கூட்டும் பொறுப்பை நெறிமுறைகள் நெறியாளரிடமே கொடுத்திருக்கின்றன.