மூட்டைக்கு எடை வரம்பு உண்டு. நோயாளியைத் தூக்கும் கைகளுக்கு இல்லை: மட்டாஞ்சேரி எழுப்பும் கேள்வி

கொச்சி: மட்டாஞ்சேரி கடைவீதியில் மூட்டை சுமக்கும் தொழிலாளி எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்பதற்குக் கேரளத்தில் சட்ட வரம்பு உண்டு. அதே வீதிக்குப் பின்னால் உள்ள சந்துகளில், படுத்த படுக்கையான முதியவரைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டும் பெண்ணுக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. முதியோர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்து வரும் நிலையில், இந்த இடைவெளி இனியும் குடும்பங்களின் தனிப்பட்ட சிக்கலாக மட்டும் இருக்க முடியாது.

சுமைக்கு வரம்பு வந்த வரலாறு

உழைப்பாளியின் உடலுக்கு மதிப்புக் கோரிய போராட்டத்தை மட்டாஞ்சேரி முன்பே கண்டுள்ளது. துறைமுக வேலைக்காக வீசப்படும் உலோக வில்லைகளைத் தொழிலாளர்கள் முண்டியடித்துப் பொறுக்க வேண்டியிருந்த 'சாப்பா' முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று இங்கு போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பின்னர் 1978-இல் கேரள சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 75 கிலோவாக இருந்த அதிகபட்ச சுமையை 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 கிலோவாகவும் குறைக்க மாநில அரசு அண்மை ஆண்டுகளில் நடவடிக்கை எடுத்தது.

நோயாளியின் உடல் மூட்டையை விடக் கடினமான சுமை. மூட்டைக்குப் பிடிமானம் உண்டு. அது திடீரென அசையாது, பயத்தில் கழுத்தைப் பற்றிக்கொள்ளாது. நோயாளியைத் தூக்குபவர் பெரும்பாலும் குனிந்து, கைகளை முன்னே நீட்டி, உடலைத் திருப்பியபடியே எடையைத் தாங்குகிறார். சுமை உடலிலிருந்து விலகும் அளவுக்கு இடுப்பு முதுகெலும்பின் மீதான அழுத்தம் பன்மடங்காகிறது.

இதனால்தான் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது எனப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ள, தானாக அசைய இயலாத நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் ஒரே பெண், இந்த அளவை எளிதில் கடந்துவிடுகிறார்.

நாளொன்றுக்கு 12 முறை

படுக்கைப் புண் வராமல் தடுக்க, அசைய முடியாத நோயாளியை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது வழக்கமான மருத்துவ நடைமுறை. இதை முழுமையாகப் பின்பற்றினால் நாளொன்றுக்கு 12 முறை. அதனுடன் உடல் துடைத்தல், உடை மற்றும் படுக்கை விரிப்பு மாற்றுதல், கழிப்பறைத் தேவைகள், உணவூட்டல் ஆகியவையும் சேரும். மருத்துவமனையில் இந்தப் பணி ஷிப்ட் முறையில் பகிரப்படும். வீட்டில் இரவு ஷிப்டுக்கும் அதே ஆள்தான்.

மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான பழைய குடியிருப்புகளில் இடமும் ஒரு தடை. சுவரோடு ஒட்டிய தாழ்வான கட்டிலுக்கு ஒரு பக்கமிருந்து மட்டுமே அணுக முடியும். நோயாளியைத் தூக்கும் இயந்திரத்தைச் சிறிய அறைக்குள் நகர்த்துவது கடினம்.

முன்னோடி மாநிலத்தின் குறை

வீட்டுப் பராமரிப்பில் கேரளம் முன்னோடி என்பதில் ஐயமில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் சிகிச்சை இயக்கம், தன்னார்வலர்கள் வழியாக மாநிலம் முழுவதும் பரவியது. 2008-இல், நாட்டிலேயே முதன்முறையாக இதற்கெனத் தனிக் கொள்கையைக் கேரள அரசு அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடு தேடிச் செல்கின்றனர்.

ஆனால் செவிலியர் வந்து செல்லும் நேரம் போக, எஞ்சிய நேரம் முழுவதும் சுமை குடும்பத்தினர் மீதே விழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் மனைவி, மகள், மருமகள் என்ற பெண்களே. முழுநேரப் பராமரிப்பாளர்களுக்கான 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாநில அரசு நிர்ணயித்த உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 20 ரூபாய். முதுகுவலிக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கவே அது போதாது.

தமிழகத்துக்கும் இது அயல் செய்தி அல்ல. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி, 60 வயதைக் கடந்தோர் விகிதம் 2031-இல் கேரளத்தில் 20.9 சதவீதமாகவும், தமிழகத்தில் 18.2 சதவீதமாகவும் இருக்கும். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புப் பராமரிப்பையும் இல்லங்களுக்குக் கொண்டு சென்றுள்ளது. நோயாளியைத் தேடிச் செல்லும் திட்டம், அவரைத் தாங்கும் கைகளையும் கவனிக்க வேண்டிய கட்டம் இது.

என்ன செய்யலாம்?

'சரியாகக் குனிந்து தூக்குங்கள்' என்ற பயிற்சி மட்டும் காயங்களைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பது பல நாடுகளின் அனுபவம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் செவிலியர்கள் 1990-களின் இறுதியில் 'தூக்காதே' கொள்கையை முன்வைத்தனர். கையால் தூக்குவதை இயன்றவரை தவிர்த்து, கருவிகளைப் பயன்படுத்துவதே அதன் சாரம்.

எல்லாக் கருவிகளும் விலை உயர்ந்தவை அல்ல. நோயாளியை இழுக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு, நாற்காலிக்கு மாற்ற உதவும் பலகை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டில் ஆகியவை சிறிய அறைக்குள்ளும் பயன்படும். பாலியேட்டிவ் பிரிவுகள் சக்கர நாற்காலியையும் நீர்ப்படுக்கையையும் இரவல் தருவதுபோல் இவற்றையும் தரலாம். கடினமான நகர்த்தல்களுக்கு இரண்டாவது ஆள் வரும் நேரத்தை முன்கூட்டியே வகுக்கலாம். வீட்டுக்கு வரும் செவிலியரின் பதிவேட்டில் நோயாளியின் ரத்த அழுத்தத்துடன், பராமரிப்பவரின் முதுகுவலிக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

இது பராமரிப்பவரின் நலன் சார்ந்தது மட்டுமல்ல. அவர் முதுகு ஒடிந்து படுத்துவிட்டால், அந்த வீட்டில் நோயாளிகள் இருவர். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.